பெட்டிப் படம் முடிந்த விதம்

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

போனதும் கடிதம் போடுகிறேன் என்றாய். போய் நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் உன் கடைக்கு போன் செய்தேன். "சார் கஸ்டமர்கிட்ட இருக்காரு" என்றார்கள். சரி, ஆள் உயிரோடுதான் இருக்கிறான், துணி மடித்துக்கொண்டிருக்கிறான் என்று வைத்துவிட்டேன். கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே கோபம் வருகிறது.

அந்த வீட்டில் உன்னால் இருக்க முடியாது என்பது புரிகிறது. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனதும் சரிதான். ஆனால் அண்ணி போனது எனக்கும்தானே நஷ்டம்? வீட்டைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. பாத்திரங்களை ஒழித்தேன், புத்தகங்களைக் கட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. அண்ணியின் அலமாரியைத் திறந்தபோதுதான் உடைந்துபோனேன். துணியெல்லாம் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அவ்வளவு அழகாக மடித்து அடுக்கியிருந்தது. துணியைச் சுருட்டித் திணித்துவிட்டு முழங்காலால் கதவைச் சாத்துகிறவள் அண்ணி. கடைசி நாட்களில் அவளுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று நினைத்து அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

உங்கள் அடுக்குமாடி லிஃப்ட்காரர் வழக்கு அடுத்த மாதக் கடைசியில் விசாரணைக்கு வருகிறது. அண்ணியை மாடிப்படியிலிருந்து தள்ளியது தான் இல்லை என்றுதான் அந்த ஆள் இன்னமும் சொல்கிறாராம். பையில் அண்ணியின் கைக்கடிகாரம் இருந்ததே என்று கேட்டால், "படியில கிடந்துச்சு, எடுத்தேன், அது தப்புதான்" என்கிறாராம். இன்ஸ்பெக்டர் என்னைத் தேடி நூலகத்துக்கே வந்திருந்தார். அன்றைக்கு நான் கொடுத்த வாக்குமூலத்தைக் கோர்ட்டில் ஒரு தடவை சொல்ல வேண்டுமாம். எதிர்த்தரப்பு வக்கீல் உன் பேரை இழுக்கப் பார்க்கிறாராம். சாயங்காலம் முழுக்க நீ எங்கள் ஃபிலிம் கிளப்பில் கடைசி வரிசையில் இருந்தாய், படம் முடிந்ததும் என்னோடுதான் வீட்டுக்கு நடந்தாய், அவ்வளவுதானே? வந்து சொல்கிறேன் என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிளப்பை மறுபடி தொடங்கலாம் என்று நம் செயலாளர் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒற்றைக் காலில் நிற்கிறார். ரிடையர் ஆகியும் அவருக்குப் பாடம் நடத்தும் ஆசை போகவில்லை. செய்தி மடலில் உன் பழைய அமெரிக்கக் குற்றப் படங்களைப் பற்றி, எவை பார்க்கத் தகுந்தவை என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். "உங்க அண்ணனை விட்டா வேற யாரும்மா இருக்கா?" என்று தினமும் என் மேஜைக்கு வந்து நிற்கிறார். எழுதிக் கொடு. உனக்கும் மனம் கொஞ்சம் வேறு பக்கம் திரும்பும்.

கடைசியாக நான் புரொஜெக்டரில் ஓட்டிய பெட்டிப் படத்தையும் சேர்த்துக்கொள். நான் பார்த்திராத படம், பார்த்தே ஆக வேண்டும் என்று நீதான் பிடிவாதமாக வரவழைத்தாய். அன்றிரவு நடந்ததில் அந்தப் படத்தைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னிடம் சொல்லிச் சிரிக்க ஒரு கூத்தும் வைத்திருந்தேன். இப்போது சிரிப்பு வராது, பிறகு சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை


ஜூன் 13

ஆபரேட்டரம்மாவுக்கு,

திட்டு வாங்கி எத்தனை நாளாயிற்று! சுகமாக இருந்தது. இங்கே ஒரு அறை, ஒரு மேஜை விசிறி, ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர். கடையில் முதலாளி பின்னாலேயே நின்று நான் மடிப்பதைப் பார்க்கிறார். சம்பளம் வாங்கும் ஆளைப் பார்க்கிற பார்வை இல்லை, சட்டையைக் களவாண்டவனைப் பார்க்கிற பார்வை. பழகிவிட்டது.

கட்டுரை கேட்டாய். கெமிஸ்ட்ரி வெட்டாமல் போடுவதாக இருந்தால் இதையே போடச் சொல்.

இந்தப் படங்களுக்குக் கறுப்பு என்று பெயர் வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். எடுத்த அமெரிக்கர்களுக்கு அப்படி ஒரு ஜாதி இருப்பதே தெரியாது. பெரும்பாலும் கையில் காசில்லாத கம்பெனிகள். செட்டுக்குச் சுவர் வாங்கக் காசில்லை, அதனால் நிழலை வைத்துச் சுவர் கட்டினார்கள். இரண்டு விளக்கு, ஒரு ஜன்னல் தட்டி, ஒரு தொப்பி இருந்தால் போதும். யுத்தம் முடிந்து வீடு திரும்பியவன் தன் வீட்டையே சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அந்தச் சந்தேகம் படத்தின் ஒவ்வொரு மூலையிலும் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது நாம் ஐஸ் படம் என்று சொல்வது. திருடிய வைரத்தை ஐஸ் பாளத்துக்குள் உறைய வைத்துவிட்டு, போலீஸ்காரர் எதிரில் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். பாளம் உருகிக்கொண்டே இருக்கும். ஒரு துப்பாக்கி கிடையாது, ஒரு சண்டை கிடையாது, நமக்கு மூச்சு முட்டும். இரண்டாவது, பல் டாக்டர் படம். காதலித்தவளைக் காப்பாற்ற, வேறு எவளுடைய பிணத்தையோ அவள்தான் என்று பல்லைப் பார்த்து அடையாளம் சொல்லிவிடுவார். அவள் போய்விடுவாள். இவர் அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, வருகிறவர் போகிறவர் வாயையெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். குடைப் படத்தை விட்டுவிடலாம். எல்லோரும் புகழ்கிறார்கள், எனக்கு அதில் மழையைத் தவிர ஒன்றும் பிடிக்கவில்லை.

எல்லாவற்றிலும் உசத்தி பெட்டிப் படம்தான். ரயில் நிலையத்தில் சாமான்களைப் பாதுகாக்கும் அறையில் ஒரு குமாஸ்தா. வெள்ளிக்கிழமைதோறும் ஒருத்தி வந்து பெட்டியை வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போவாள். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வாள். ஒரு நாள் இவன் திறந்து பார்க்கிறான். காலிப் பெட்டி. புருஷனை விட்டுப் போக அவள் ஒவ்வொரு வாரமும் கிளம்புகிறாள், துணி எடுத்து வைக்கக்கூடத் தைரியம் வராமல் திரும்பிவிடுகிறாள். இவன் தைரியம் சொல்கிறான். இரண்டு பேருமாகச் சேர்ந்து புருஷனை ஒழிக்கிறார்கள். அதற்குப் பிறகு காத்திருப்போர் அறையில் ஒரே கோப்பையில் காபி குடித்துக்கொண்டு சிரிக்கிற காட்சி. அவள் உதட்டில் ஒட்டியதை இவன் சட்டைக் கையால் துடைப்பான். அந்த மனுஷன் படத்தில் சந்தோஷமாக இருக்கிற ஒரே இடம் அதுதான், அதற்கு மேல் எல்லாம் சரிவு. அவள் இவனையும் விட்டுப் போகப் பார்க்கிறாள். இரும்புப் படிக்கட்டில் மடக்குகிறான். அவள் விழுகிறாள். கடைசியில் அவளுடைய பெட்டியைத் தானே அலமாரியில் வைத்து, தனக்கே ஒரு டோக்கன் கொடுத்துக்கொண்டு, போலீஸ் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

அன்றைக்கு அந்தக் கடைசிக் காட்சியில் நம் கூடத்தைப் பார்த்தாயா? அவன் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதும் "முற்றும்" என்று எழுத்து வந்தது. ஒரு இருமல் இல்லை. விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாகப் பார்த்த கடைசிப் படம் அது.

லிஃப்ட்காரனைப் பற்றி இனிமேல் எழுதாதே. அவன் பெயரைக் கேட்டாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. கோர்ட்டில் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வா, அத்தோடு முடியட்டும்.

அண்ணன்


ஜூன் 21

அண்ணா,

கட்டுரை கிடைத்தது. கெமிஸ்ட்ரிக்கு இன்னும் கொடுக்கவில்லை. நன்றாக எழுதியிருக்கிறாய். பல் டாக்டர் படத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தால், பார்க்காதவர்கூடப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

ஒன்று கேட்க வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, கோர்ட்டில் கேட்பார்கள் என்பதால் கேட்கிறேன். ஆபரேட்டர் அறையிலிருந்து கடைசி வரிசை தெரியாது, அது என் காலடியில் இருக்கிறது. நீ அங்கே இருந்தாய் என்று நான் சொன்னது, எப்போதும் அங்கேதான் இருப்பாய் என்பதாலும், கூட்டம் இறங்கும்போது வாசலில் நின்றாய் என்பதாலும்தான். நடுவில் எங்கேயாவது எழுந்து போனாயா? தலைவலி, காபி, எதற்காவது? பாதியில் போய்விட்டு முடியும்போது வந்திருந்தால் அப்படியே சொல். ஒன்றும் குடி முழுகிவிடாது. உண்மையில் எதையெல்லாம் பார்த்தாய் என்று எழுது.

எழுதாதே என்றாய், ஆனாலும் இதை எழுதாமல் முடியவில்லை. லிஃப்ட்காரரின் மனைவி எங்கள் வாசிப்பறைக்கு வருகிறாள். ஜெயில் பக்கம் போகும் பஸ் நூலக வாசலில்தான் நிற்கிறது. வெயிலுக்கு உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கம் திருப்பாமல் இருப்பாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியும். நேற்று தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது தானாகவே பேசினாள்.

"அவருக்குக் கை நீளம்தாங்க. கூட வாழுறவ எனக்குத் தெரியாதா? கிடக்கிறதை எடுத்துடுவாரு. ஆனா யாரையும் தள்ளுற கை இல்லீங்க அது. நீங்க நம்ப வேணாம். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

டம்ளரைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

சீக்கிரம் பதில் போடு.

தங்கை


ஜூன் 27

ஆபரேட்டரம்மா,

உனக்கு என்ன ஆயிற்று? நம் படங்களைப் பார்த்துப் பார்த்து நீயே துப்பறிய ஆரம்பித்துவிட்டாயா? தொப்பி வாங்கி அனுப்பட்டுமா?

எழுந்து போகவும் இல்லை, காபி குடிக்கவும் இல்லை. விளக்கணைந்த பிறகு வந்தேன், என் இடத்தில் உட்கார்ந்தேன், முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை பார்த்தேன். நீ இரண்டு தடவை ரீல் மாற்ற விளக்குப் போட்டாய், இரண்டு தடவையும் நான் இடத்தை விட்டு அசையவில்லை. அவன் டோக்கனோடு உட்கார்ந்தான், படம் முடிந்தது, கூட்டத்தோடு இறங்கி வாசலில் உனக்காக நின்றேன். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? வேண்டுமானால் வசனம் வசனமாக எழுதி அனுப்புகிறேன். இளவயதில் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும்.

அந்தப் பெண்பிள்ளையை உள்ளே விடாதே. அழுது மூக்கைச் சிந்தி உன் மனதைக் கரைக்கத்தான் அங்கே வந்து உட்காருகிறாள். நூலகம் பஸ் ஸ்டாப் இல்லை என்று சொல்லி அனுப்பு. உனக்கு வாய் இல்லையென்றால் கெமிஸ்ட்ரியை விட்டுச் சொல்லச் சொல்.

அப்பா இறந்த வருஷம் உனக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் வாங்கிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் காலைக் காட்சிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நான். என்னைப் போய் "உண்மையில் எதையெல்லாம் பார்த்தாய்" என்று கேட்கிறாய்.

அண்ணன்


ஜூலை 3

அண்ணா,

உன்னிடம் சொல்லிச் சிரிக்க ஒரு கூத்து வைத்திருக்கிறேன் என்றேனே, அதை இப்போது சொல்கிறேன். சிரிக்க முடிந்தால் சிரி.

பெட்டிப் படம் மூன்று டப்பாக்களில் வந்தது. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு ரீல். அதை நமக்கு முன்னால் வாங்கி ஓட்டியவர்கள் திருப்பிச் சுற்றும்போது கடைசி இரண்டையும் டப்பா மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு என்று எழுதிய டப்பாவில் மூன்றாவது ரீல், மூன்று என்று எழுதியதில் இரண்டாவது. நான் படம் பார்த்ததில்லை. டப்பாவின் மேல் இருந்த எண்ணை நம்பி ஓட்டினேன்.

முதல் ரீல் முடிந்து அடுத்ததை ஓட்டினால், புருஷன் ஏற்கெனவே செத்துப்போயிருக்கிறான். கதை கொஞ்சம் தாவுகிறதே என்று நினைத்தேன். இந்தப் படங்களில் எதுதான் தாவாமல் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரும்புப் படிக்கட்டில் அவள் விழுந்தாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். இன்னும் ஒரு டப்பா மிச்சம் இருக்கும்போது "முற்றும்" வரப்போவது மாதிரி இசை ஏறியது. எழுத்து திரையில் விழுவதற்குள் உள்ளங்கையால் லென்ஸைப் பொத்திவிட்டு, விளக்கைப் போட்டு, "ஐந்து நிமிஷம் இடைவேளை" என்று கத்தினேன். பிறகு மிச்ச ரீலை ஓட்டினேன். நடுவில் வர வேண்டியது கடைசியில் வந்தது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாதிப் பேருக்கு அந்த அமெரிக்க உச்சரிப்பு பிடிபடாது. மீதிப் பேர் எல்லாம் பழைய நினைவு என்று எடுத்துக்கொண்டார்கள். முடிந்ததும் கெமிஸ்ட்ரி எழுந்து, காலத்தைக் கலைத்துப்போட்டுக் கதை சொல்லும் உத்தியை வாயாரப் புகழ்ந்தார். நான் மேலே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், சிரித்தால் மானம் போய்விடும். வீட்டுக்குப் போகும் வழியில் உன்னிடம் சொல்லலாம் என்றிருந்தேன். அந்த மூன்று டப்பாக்களையும் நீதான் தூக்கிக்கொண்டு வந்தாய், நினைவிருக்கிறதா? ஆனால் நீ ஒன்றும் பேசாமல் நடந்தாய். உனக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். தெரு திரும்பியதும் உன் வீட்டு வாசலில் கூட்டம்.

அண்ணா, அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்த யாருக்கும் பெட்டிப் படத்தின் கதை சரியாகத் தெரியாது. "முற்றும்" என்ற எழுத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. டோக்கனோடு படம் முடியவும் இல்லை. நீ மட்டும்தான் சரியாகச் சொல்கிறாய்.

அலமாரியும் இப்போதுதான் புரிகிறது. அந்த மடிப்பு அண்ணியுடையது இல்லை. கைகளைப் பின்னால் தள்ளி, கழுத்தை மேலே கொண்டுவந்து, அட்டை வைத்த மாதிரி மடிப்பது கடைக்காரர்கள். யூனிஃபார்மை எனக்கு அப்படித்தான் மடித்துத் தருவாய்.

நான் தப்பாக நினைக்கிறேன் என்று எழுது. எதையாவது சொல். நீ வேறு எங்கேயோ இருந்தாய், சொல்ல வெட்கமாக இருந்தது என்றாவது எழுது. என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருக்கிறேன், அதை நினைத்தால்தான் எனக்கே பயமாக இருக்கிறது.

தங்கை


ஜூலை 12

கண்ணம்மா,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். இன்னொன்றில் இளவயது ஞாபகத்தில் கட்டுரை எழுதிவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். அதையே அனுப்பியிருக்கலாம். நீ நம்பியிருப்பாய். உனக்கு நான் சொல்லி நம்பாத விஷயம் உண்டா?

அவள் போகிறேன் என்றாள். வேறு ஆள் எவனும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்களோட இருந்தா யாரோ என்னைப் பின்னாலயே பார்த்துட்டு இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள், அவ்வளவுதான் காரணம். அன்றைக்கு நான் படத்துக்குக் கிளம்பி நின்றேன், நிஜமாகவே கிளம்பிவிட்டேன். பெட்டியோடு வந்து நின்றாள். லிஃப்ட்டில் போனால் அவன் ஏதாவது கேட்பான் என்று படியில் இறங்கினாள். நான் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்தேன். உதறினாள். கடிகார வார் என் கையோடு அறுந்தது. பிறகு சத்தம்தான் கேட்டது, நான் பார்க்கவில்லை.

பெட்டியை மேலே கொண்டுபோய்த் துணிகளை அலமாரியில் வைத்தேன். கை தானாக மடித்தது. பிறகு பின்பக்கப் படியால் இறங்கி உன்னிடம் நடந்து வந்தேன். வேறு எங்கே போவேன்?

யோசித்துப் பார். அந்த ஆள் திருடன். செத்துக் கிடந்தவளுக்குப் பக்கத்தில் கிடந்த கடிகாரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு ஆள் கூப்பிட்டவன். அவனுக்காக என்னைக் கொடுப்பாயா? பொய் சொல் என்று உன்னைக் கேட்கவில்லை. முன்பு சொன்னதையே சொல். அதுகூட முடியாவிட்டால் உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துக்கொள். நீ சும்மா இருந்தால் போதும்.

உனக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? எனக்கு யார் இருக்கிறார்கள்?

அண்ணன்


ஜூலை 19

அண்ணா,

நேற்று ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு சும்மா இருந்து பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். நூலகத்துக்குப் போனேன், புத்தகத்துக்கு முத்திரை குத்தினேன், யாரிடமும் பேசவில்லை. சும்மா இருப்பது அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை, பழகிவிடும் போலத்தான் இருந்தது. அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். பஸ் வந்தது. எழுந்து போகும்போது பத்திரிகையை மடித்து மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். தாறுமாறாக, கோணல்மாணலாக, அண்ணி மடிப்பது மாதிரியே மடித்திருந்தாள். அதைப் பார்த்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதே பஸ்ஸில் ஏறி இரண்டாவது நிறுத்தத்தில், ஸ்டேஷன் வாசலில் இறங்கிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. "என்னம்மா, சினிமாக் கதை சொல்றீங்க" என்றார். சினிமாக் கதைதான் சார் என்றேன். கிளப் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, படம் எப்படி முடிந்தது என்று கேட்டார். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள விடவில்லை. எல்லோரும் ஒரே முடிவைத்தான் சொன்னார்கள். உன் கட்டுரையில் இருப்பது அந்த முடிவு இல்லை. கெமிஸ்ட்ரிக்குத்தான் பாவம், தான் புகழ்ந்தது ரீல் மாறியதை என்று தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "இருந்தாலும் நல்லாத்தான்மா இருந்துச்சு" என்றார்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன், யூனிஃபார்மைப் பற்றி எழுதியதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தர முடியாது என்றார்கள்.

நீ என்னை வளர்த்தவன். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அண்ணிக்கும் என்னைத் தவிர யாரும் இல்லை.

இது உன் கைக்கு வருவதற்குள் அவர்கள் வந்துவிடலாம். ஓடாதே. ஓடுகிறவன் கதி என்ன ஆகும் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவன் நீ.

தங்கை


செப்டம்பர் 2

ஆபரேட்டரம்மா,

இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள், ஆகையால் நல்ல பிள்ளையாக எழுதுகிறேன். உன்மேல் கோபம் இருந்தது, இப்போதும் சில நாள் வருகிறது. லிஃப்ட்காரனை விட்டுவிட்டார்கள் என்று சொன்னார்கள். அவன் இருந்த அதே வரிசையில்தான் என் அறை.

இங்கே ஜன்னல் கம்பி நிழல் தரையில் விழுகிறது. படத்தில் பார்க்கும்போது எவ்வளவு அழகாக இருந்தது.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எல்லோரும் ஒரே முடிவைச் சொன்னார்கள் என்றாயே, என்னை விசாரித்தவர்கள் அதை என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நம் கூடத்தில் கடைசியாக என்ன வந்தது? எந்த இடத்தில் ரீல் தீர்ந்தது?

அண்ணன்


செப்டம்பர் 10

அண்ணா,

சொல்கிறேன்.

அவள் இரும்புப் படிக்கட்டில் விழுந்து செத்தாள். இடைவேளை விட்டேன். மறுபடி விளக்கை அணைத்து ஓட்டினால் அவள் உயிரோடு வருகிறாள். கூடத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் ஒரு அம்மாள், "அப்பாடா, இருக்காளே!" என்று வாய்விட்டே சொன்னாள். அதற்கப்புறம் அவள் கோட்டு மாட்டுவதும், மழையில் ஓடுவதும், அவனிடம் சண்டை போடுவதும் எல்லாமே எங்களுக்கு அதிசயமாக இருந்தது. புருஷனை அவர்கள் என்ன செய்தாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவள் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரீல் தீர்ந்தது நீ சொன்ன அந்தக் காபிக் காட்சியில்தான். ஒரே கோப்பை. அவள் உதட்டில் ஒட்டியதை அவன் சட்டைக் கையால் துடைக்கிறான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். ரயில் கூவுகிறது, சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. அந்தச் சிரிப்போடு வெள்ளைத் திரை வந்துவிட்டது. எங்கள் கூடத்தில் அன்றைக்கு அவள் சாகவில்லை, அண்ணா. வந்திருந்தவர்கள் எல்லோரும் அவள் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். அந்த நேரத்தில் நீ துணி மடித்துக்கொண்டிருந்திருப்பாய்.

நீ கோர்ட்டில் சொன்னதையெல்லாம் கேட்டேன். கையைப் பிடித்தாய், உதறினாள், வார் அறுந்தது. இருக்கலாம். நான் அதைப் பற்றி இனிமேல் கேட்கப் போவதில்லை. ஒன்றைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். படத்துக்குக் கிளம்பி நின்றேன் என்று எழுதியிருந்தாய். கிளம்பியவன் வந்திருக்கலாம். அவள் பெட்டியோடு தன் வழியில் இறங்கிப் போயிருப்பாள். நீ கோபத்தோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, ரீல் மாறியதைப் பார்த்து மேலே என்னைத் திட்டிச் சுவரைத் தட்டியிருப்பாய். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைச் சொல்லி என் மானத்தை வாங்கியிருப்பாய். வீடு காலியாக இருந்திருக்கும். நீ அழுதிருப்பாய், நான் பக்கத்தில் இருந்திருப்பேன்.

நீ கடைசி வரிசையில் இருந்தாய் என்று நான் சொன்ன பொய், உண்மையாக இருந்திருந்தால் போதும்.

தங்கை